உரிந்த பெயிண்டின் பின்பக்கம்

முப்பது ஆண்டுகளாக ஒரே பச்சை வண்ணத்தோடு நின்ற தேக்குக் கதவுக்குப் புதிதாக எனாமல் பூசினால், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் புதுப்பூச்சு ஆங்காங்கே எழும்பி உரியத் தொடங்குவதும், உரியும்போது தான் மட்டும் வராமல் அதுவரை அசையாதிருந்த பழைய பச்சையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருவதும் பல வீடுகளில் காணக்கூடியவை. பழி வழக்கமாகப் பெயிண்டின் தரத்தின்மீதோ, பெயிண்டர் தின்னரைக் கூடுதலாகக் கலந்துவிட்டார் என்ற ஐயத்தின்மீதோ விழும். ஆனால் அத்தனை ஆண்டுகள் தாங்கிய பழைய பூச்சு, தன்மேல் இன்னொன்று பூசப்பட்ட சில மாதங்களுக்குள் ஏன் பிடியை விட்டது என்ற கேள்விக்கு இந்த இரண்டு பழிகளும் விடை சொல்வதில்லை. விடை, புதிய பெயிண்ட் காயும் முறையிலேயே தொடங்குகிறது.

எந்தப் பெயிண்டிலும் முதன்மையாக மூன்று பொருள்கள் உள்ளன: வண்ணத்தையும் மறைக்கும் திறனையும் தரும் நுண்துகளான நிறமி, அந்தத் துகள்களை ஒன்றோடொன்றும் பரப்போடும் பிடித்துவைக்கும் பிணைப்பான், இவ்விரண்டையும் தூரிகைக்கு இசையும் நீர்மமாக வைத்திருக்கும் கரைப்பான். கதவுக்குப் பூசும் எனாமலில் பிணைப்பானாக இருப்பது பெரும்பாலும் அல்கைடு எனப்படும், தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைக் கொண்டு செய்யப்பட்ட பிசின். கரைப்பான் ஆவியாகிப் போவதோடு எனாமல் காய்ந்துவிடுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது முதற்கட்டம் மட்டுமே. அதன்பின் பிணைப்பான் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி, ஒரே பெரிய வலையாக இறுகுகிறது. இதற்கு எளிய சான்று தராசில் கிடைக்கிறது. ஆளிவிதை எண்ணெயைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி உலரவிட்டால், அதன் எடை குறைவதற்கு மாறாகப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது. கூடிய எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது.

வலை இறுகும்போது பூச்சு சுருங்க முற்படுகிறது, ஆனால் கீழேயுள்ள பரப்போடு ஒட்டியிருப்பதால் சுருங்க முடிவதில்லை. விளைவாக அதனுள் ஓர் இழுவிசை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. இதை அகத்தகைவு எனலாம். கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் காய்ந்து சில்லு சில்லாக வெடித்து, ஒவ்வொரு சில்லும் ஓரங்களில் மேல்நோக்கி வளையும்போது அடியிலுள்ள தளர்ந்த மணலையும் பெயர்த்துக்கொண்டு எழும்புவது இந்த விசையால்தான். பழைய பூச்சின்மேல் பூசிய புதிய எனாமலும் அவ்வாறே கீழேயுள்ளதை இழுக்கிறது. தன் எடையை மட்டும் தாங்கிக்கொண்டு பெயருக்கு ஒட்டியிருந்த பழைய அடுக்கு, இந்தப் புதிய இழுப்பு வந்ததும் விட்டுவிடுகிறது. ஆகவே கதவைத் தயார்செய்வது என்பது, புதிய பூச்சின் இழுவிசையைத் தாங்கமுடியாத அடுக்கு எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் நீக்குவதே. எல்லாவற்றையும் தேய்த்துத் தள்ளுவதும் வேண்டியதில்லை, மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் பூசுவதும் போதாது.

அந்த அடுக்கு எது என்பதை அறிய, உரிந்து விழுந்த பெயிண்ட் சில்லை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் வண்ணத்தை மட்டுமே காட்டும். முறிவு எங்கே நிகழ்ந்தது என்பது பின்பக்கத்தில்தான் பதிந்திருக்கிறது. இரு வேறு பொருள்கள் தொடும் எல்லையில் பிரிந்தால் அது ஒட்டுமுறிவு. ஒரே பொருளின் உள்ளேயே பிளந்தால் அது உள்முறிவு. சில்லின் பின்புறம் வழவழப்பாகப் பளபளத்தால் புதிய பூச்சு பழையதோடு ஒட்டவேயில்லை என்று பொருள்: எண்ணெய்ப் பிசுக்கோ பழைய எனாமலின் பளபளப்போ நீக்கப்படவில்லை. மாவுபோன்ற தூள் அப்பியிருந்தால் பழைய பூச்சின் மேற்பரப்பே தூளாகியிருந்தது. மெல்லிய மரநார்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பெயிண்டில் எக்குறையும் இல்லை, அது ஒட்டியிருந்த மரத்தின் மேல்தோல்தான் நைந்துபோயிருந்தது. உரியாத பகுதிகளைச் சோதிக்கத் தொழிற்கூடங்களில் குறுக்குவெட்டுச் சோதனை உண்டு. கூரிய கத்தியால் பூச்சின்மேல் சிறு சதுரக் கட்டங்களாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்திப் பதித்துச் சட்டென்று இழுத்து, எத்தனை கட்டங்கள் பெயர்ந்தன என்று எண்ணுவார்கள்; ஐ.எஸ்.ஓ. 2409 என்ற பன்னாட்டுத் தரம் இந்த முறையைத்தான் விவரிக்கிறது. வீட்டுக் கதவில் இதைச் செய்ய ஒரு பிளேடும் நல்ல ஒட்டுநாடாவும் போதும்.

பெயிண்ட் ஒரு பரப்பில் ஒட்டுவதற்குப் பெரும்பங்கு காரணமாக இருப்பவை வான் டெர் வால்ஸ் விசைகள் எனப்படும், மூலக்கூறுகளுக்கிடையே எங்கும் நிலவும் மென்மையான ஈர்ப்புகள். தனித்தனியே மிகச் சிறியவையான இவை கோடிக்கணக்கில் சேரும்போது வலுவாகின்றன என்றாலும், இவற்றின் எட்டும் தொலைவு ஒரு நானோமீட்டர் அளவுக்குள்தான்; அதாவது மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. கைவிரல் விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் இதைவிடப் பன்மடங்கு தடிமனானது. எனவே தாழ்ப்பாளைச் சுற்றிப் பல்லாண்டுகளாகக் கைபட்டுக் கறுத்த இடத்தில் பூசப்படும் பெயிண்ட், கதவோடு ஒட்டுவதில்லை, பிசுக்கோடு ஒட்டுகிறது.

நீர்மம் ஒரு பரப்பை நெருங்கித் தொட வேண்டுமானால் முதலில் அதன்மேல் பரவ வேண்டும். இதை நனைத்தல் என்பர். ஒரு துளி எந்த அளவுக்குப் பரவும் என்பதை அதன் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் சேர்கோணம் காட்டுகிறது. பரப்பு இழுவிசைகளுக்கும் இந்தக் கோணத்துக்கும் உள்ள தொடர்பை 1805இல் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் விளக்கினார். கதவைக் கழுவி உலரவைத்தபின் அதன்மேல் ஒரு சொட்டு நீரை விட்டுப் பார்ப்பது, அவருடைய கருத்தின் வீட்டு வடிவம். நீர் முத்தாகத் திரண்டு நின்றால் மெழுகோ, எண்ணெயோ, சிலிக்கோன் கலந்த பாலிஷோ இன்னும் மிஞ்சியிருக்கிறது. பரவினால் பிசுக்கு நீங்கிவிட்டது.

பிசுக்கை நீக்கச் சலவைச் சோடாக் கரைசல் நன்றாக உதவுகிறது, காரம் எண்ணெயை நீரில் கரையும் சோப்பாக மாற்றுவதால். மஞ்சளும் குங்குமமும் இட்டுவந்த நிலைக்கால்களில் இந்தக் கரைசல் பட்டதும் மஞ்சள் இருந்த இடம் செந்நிறமாக மாறிப் பார்ப்பவரைத் திடுக்கிடச் செய்யும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறும் இயல்புடையது என்பதைத் தவிர அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது கழுவியபின் தங்கும் சோடாவைப் பற்றித்தான்; நல்ல நீரால் இருமுறையாவது துடைக்காவிட்டால் அதே காரம் புதிய பூச்சின் அடியிலிருந்து வேலைசெய்யும். மண்ணெண்ணெயால் துடைக்கும் வழக்கமும் பரவலாக உள்ளது, ஆனால் அது மெதுவாக ஆவியாகித் தன் பங்குக்கு ஒரு பிசுக்கை விட்டுச்செல்கிறது. அந்த வேலைக்கு டர்பன்டைன் மேலானது.

அடுத்தது உப்புத்தாள். பரப்பைச் சொரசொரப்பாக்கினால் பெயிண்ட் பள்ளங்களில் புகுந்து பற்றிக்கொள்ளும் என்பதே உப்புத்தாளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும் அதுவே முழுக்காரணமாக இருக்குமானால், நன்கு துடைத்த வழவழப்பான கண்ணாடியில் எனாமல் ஒட்டவே கூடாது. ஆனால் அது ஒட்டுகிறது. உப்புத்தாளின் பெரும்பயன் வேறு. முழுமையாக இறுகிய பழைய எனாமலின் வலையைப் புதிய பெயிண்டின் கரைப்பானால் மீண்டும் கரைக்க முடியாது, ஆதலால் இரு பூச்சுகளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. தொடும் பரப்பு மட்டுமே அவற்றுக்கிடையேயுள்ள உறவு. உப்புத்தாள், வெயிலும் அழுக்கும் கெடுத்த மேற்படலத்தைச் சீவி எடுத்துப் புதிய பரப்பைத் திறந்துவிடுகிறது, கூடவே நுண்கீறல்களால் தொடும் பரப்பளவையும் பெருக்குகிறது. தாளின் பின்புறத்திலுள்ள எண் கூடக்கூட மணல் நயமாகும்: பெயர்ந்த விளிம்புகளைச் சரிவாக்க 80 அல்லது 120, உறுதியான பழைய பூச்சின் பளபளப்பை எடுக்க 180 முதல் 220 வரை, பூச்சுகளுக்கிடையே 320 என்று அமைத்துக்கொள்ளலாம். ஆழமான கீறல் அதிகப் பிடிப்பைத் தரும் என்று முரட்டுத் தாளிலேயே வேலையை முடித்துவிடுவது வீண். பள்ளங்களின் அடியில் காற்று சிறைப்படும், எனாமலின் பளபளப்பு ஒவ்வொரு கீறலையும் எடுத்துக்காட்டும்.

தெருப்பக்கம் பார்த்த கதவில் விரலால் தடவினால் மாவுபோல ஒட்டிக்கொள்ளும் தூள், வெயில் செய்த வேலை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் பிணைப்பானின் மூலக்கூறு வலையை அறுக்க, பிடிப்பார் இல்லாமற் போன நிறமித் துகள்கள் பரப்பில் தளர்ந்து கிடக்கின்றன. இதைச் சுண்ணமாதல் எனலாம். பெயிண்ட் அறவே போய் மரமே வெளித்தெரிந்த இடங்களில் சேதம் இன்னும் ஆழமானது. மரத்தின் செல்சுவர்கள் செல்லுலோஸ் நார்களாலும், அவற்றை இறுக்கிவைக்கும் லிக்னின் என்ற பொருளாலும் ஆனவை. புற ஊதாக் கதிரை மிகுதியாக உறிஞ்சுவதும் அதனால் சிதைவதும் லிக்னின்தான். சிதைந்த லிக்னினை மழை கழுவிச்செல்ல, ஆதரவற்ற செல்லுலோஸ் நார்கள் மேலே எஞ்சுகின்றன. பழைய மரத்தின் சாம்பல் நிறம் அதன் விளைவே. அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் 1980களில், ஊசியிலை மரப் பலகைகளைச் சில வாரங்கள் மட்டும் வெயிலில் வைத்து, அதன்பின் பெயிண்ட் பூசி இழுத்துப் பார்த்தபோது, புதிதாக இழைத்த பலகைகளைவிட ஒட்டுவலிமை கணிசமாகக் குறைந்திருந்தது. வெயில்பட்ட காலம் நீள நீளக் குறைவும் கூடியது. கண்ணுக்கு மாற்றம் பெரிதாகத் தெரிவதற்கு முன்பே பரப்பு கெட்டுவிடுகிறது. ஆகவே சாம்பல் நிறம் போய் மரத்தின் இயல்பான நிறம் தெரியும்வரை தேய்ப்பதும், தேய்த்த கதவை வாரக்கணக்கில் வெயிலில் சாத்திவைக்காமல் உடனே பிரைமர் பூசுவதும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

தேய்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு, அது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. பழைய பெயிண்டுகளில் வெள்ளைக்கு ஈயக் கார்பனேட்டும், செம்மைக்குச் சிந்தூரம் எனப்படும் ஈய ஆக்சைடும், மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டும் நிறமிகளாகச் சேர்க்கப்பட்டன. விரைவில் உலரவைக்கவும் ஈயச் சேர்மங்கள் பயன்பட்டன. பழைய மரப் பிரைமர் இளஞ்சிவப்பாக இருந்ததற்கு வெள்ளை ஈயத்தோடு சிந்தூரம் கலக்கப்பட்டதே காரணம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட எந்தக் கதவின் பூச்சிலும் ஈயம் இருக்கலாம் என்று கொள்வதே அறிவுடைமை.

இந்த ஆபத்து கண்டறியப்பட்ட வரலாறு ஒரு வெப்பமண்டல வீட்டின் தாழ்வாரத்தில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1890களில் குழந்தைகள் பலர் வாதத்தோடும் பார்வைக் குறைவோடும் மருத்துவமனைக்கு வந்தார்கள். ஈய நஞ்சு என்பது விரைவில் தெளிவானது, ஆனால் பெயிண்ட் ஆலைத் தொழிலாளருக்கு வரும் நோய் சிறு குழந்தைக்கு எப்படி வந்தது என்பது தெரியவில்லை. குடிநீர் உட்படப் பலவற்றின்மீது ஐயம் சென்றது. கண் மருத்துவரான ஜான் லாக்ஹார்ட் கிப்சன் 1904இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுத் தாழ்வாரக் கம்பியழிகளிலும் சுவர்களிலும் பூசிய பெயிண்டையே மூலமாகச் சுட்டினார். கடும் வெயிலில் சுண்ணமான பெயிண்ட் குழந்தையின் ஈரமான விரலில் ஒட்டி, நகம் கடிக்கும்போதும் விரல் சூப்பும்போதும் வாய்க்குள் சென்றது. குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயிண்ட் பூசுவதைக் குவீன்ஸ்லாந்து மாநிலம் 1922இல் சட்டத்தால் தடுத்தது. உலகின் பிற பகுதிகள் பல விழித்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. எந்த வெயில் பெயிண்டை ஒட்டத் தகாததாக்குகிறதோ அதே வெயில்தான் அதை நஞ்சாகவும் கையில் ஒப்படைக்கிறது.

பழைய கதவை உலர்ந்த உப்புத்தாளால், அதிலும் மின்கருவியால் தேய்ப்பது, வெயில் பல ஆண்டுகளில் செய்ததை ஒரே பிற்பகலில் செய்து முடிக்கும். வாட்டர் பேப்பரைக் கொண்டு நீர் தெளித்துத் தேய்த்தால் தூள் பறக்காமல் சேறாகத் தங்கும். அந்தச் சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுத்து மூட்டைகட்ட வேண்டும், துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. தீச்சுடரால் பெயிண்டைக் கொளுத்திச் சுரண்டுவதை அறவே விலக்க வேண்டும், மிகு வெப்பத்தில் ஈயம் புகையாகவே எழுவதால். வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்தப் பக்கம் வராதிருப்பது நல்லது.

பழைய பூச்சு முழுவதையும் எப்போது நீக்க வேண்டும் என்பதற்கு விரிசலின் திசை வழிகாட்டுகிறது. மரத்தின் நார்கள் ஓடும் திசையிலேயே விரிசல்கள் நீண்டிருந்தால் மரம் விரிந்து சுருங்கியதே காரணம். நாருக்குக் குறுக்காக விரிசல்கள் விழுந்திருந்தால் அடுக்குமேல் அடுக்காகச் சேர்ந்த பெயிண்ட் தடித்து, ஆண்டுதோறும் ஆக்சிஜனேற்றம் தொடர்ந்து நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. இனி அதன்மேல் என்ன பூசினாலும் நிற்காது, மரம்வரை உரித்தே ஆகவேண்டும். இதற்குக் காஸ்டிக் சோடா பயன்படுத்துவது பழைய வழக்கம். அல்கைடிலும் எண்ணெயிலும் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காரம் உடைப்பதால் பெயிண்ட் உண்மையிலேயே சோப்பாகிக் கழன்றுவிடுகிறது. ஆனால் அது கையைப் புண்ணாக்கும், தேக்கைக் கருக்கும், நாருக்குள் தங்கிப் புதிய எனாமலையும் சோப்பாக்கும். புதுச் சுண்ணாம்புச் சுவரில் எனாமல் நிற்காததற்கும் இந்த வேதிவினையே காரணம். சூடான காற்றை வீசும் கருவியால் பூச்சை இளக்கிச் சுரண்டுவது மரத்துக்கு இதமானது, வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தால்.

மரத்துக்கும் பெயிண்டுக்கும் உள்ள தீராத வழக்கு நீரைப் பற்றியது. மரத்தின் செல்சுவர்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிகின்றன, இழந்து சுருங்குகின்றன. அவை கொள்ளக்கூடிய உச்ச அளவான நார்த் தெவிட்டு நிலை, மரவகைக்கேற்ப மாறினாலும், உலர் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு. அடைமழைக் காலத்தில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டில் நிலைத்தால் மரத்தின் ஈரம் சுமார் 16 விழுக்காட்டை நோக்கி ஏறும். 50 விழுக்காடுள்ள உலர்ந்த காற்றில் சுமார் 9 ஆக இறங்கும். நீளவாக்கில் இதன் விளைவு புறக்கணிக்கத்தக்கது, அகலவாக்கில் அப்படியல்ல. அசைவு குறைந்த மரமென்று பெயர்பெற்ற தேக்கிலேயே, 30 சென்டிமீட்டர் அகலப் பலகை இந்த ஏற்ற இறக்கத்தில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மாறக்கூடும். சட்டத்தின் காடியில் பலகையை ஆணியோ பசையோ இல்லாமல் தளர்வாகச் செருகிய பழைய தச்சர்கள் இதை அளந்து பாராமலே அறிந்திருந்தார்கள். அந்த இடுக்கைப் பட்டியால் இறுக அடைத்து வண்ணம் பூசிவிட்டால், முதல் கோடையிலேயே அங்கே ஒரு கோடு வெடிக்கும். வெடித்தது பெயிண்டரின் குறையன்று, பலகையை அசையவிடாமல் செய்த குறை.

மரத்துக்குள் நீர் ஏறும் முதன்மையான வாயில், கதவின் அடிவிளிம்பு. மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து நீரை மேலேற்றிய நுண்குழல்கள் நிற்கும் சட்டங்களின் அடியில் வெட்டுண்டு திறந்திருக்கின்றன, தரை துடைக்கும் நீரை அவை நுண்புழை ஏற்றத்தால் இழுத்துக்கொள்கின்றன; பக்கப் பரப்பைவிட இந்தக் குறுக்குவெட்டு முகம் பன்மடங்கு வேகமாக உறிஞ்சும். கண்ணில் படாததால் அடிவிளிம்பைப் பூசாமல் விட்டுவிடுவதே வழக்கம். கீலைக் கழற்றிக் கதவைப் படுக்கவைத்து அடிவிளிம்புக்கு இருமுறை பிரைமர் கொடுப்பது, முகப்புக்கு மூன்றாவது பூச்சு கொடுப்பதைவிடப் பயன் தரும்.

பட்டி பார்ப்பதில் வரிசை முக்கியம். வெறும் மரத்தில் பட்டி வைத்தால் அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ள, பட்டி பொருபொருத்து உதிரும். ஆகவே முதலில் பிரைமர், பிறகு பட்டி, தேய்த்தபின் பட்டிமேல் மீண்டும் பிரைமர். சுவருக்கென்று விற்கும் சிமென்ட் பட்டியைக் கதவில் அப்புவது இப்போது மலிந்திருக்கிறது. காரத்தன்மையும் வளையாமையும் கொண்ட அது, அசையும் மரத்துக்கு எவ்வகையிலும் பொருந்தாது. தேக்கில் இன்னொரு சிக்கல், அதன் இயற்கை எண்ணெய்ப் பொருள்கள் எனாமலின் ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்துவது. பிரைமர் பூசுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தால் இது பெரும்பாலும் தீரும்.

எஞ்சியிருப்பது நாள் குறிப்பது. தமிழகத்தில் கதவுக்கு வண்ணம் பூசும் காலம் பொங்கலுக்கு முந்தைய வாரம். மரநூல் நோக்கில் அதைவிடப் பொருந்தாத வாரத்தைத் தேடுவது கடினம். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை முழுமையாகக் குடித்து, நிலையோடு உரசும் அளவுக்குக் கதவு பருத்திருக்கும். உரசுகிறதென்று அப்போது இழைத்துவிட்டால் சித்திரையில் அங்கே விரல் நுழையும். மார்கழிப் பனியில் எனாமலும் மெதுவாகவே இறுகும். ஈரத்தை அளக்க ஈரமானி என்ற சிறு கருவி உண்டு. மரம் உலர உலர அதன் மின்தடை பல்லாயிரம் மடங்கு உயர்வதைக் கொண்டு, இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்தியதும் அது விழுக்காட்டைக் காட்டிவிடும். அளவு 15ஐத் தாண்டினால் காத்திருப்பதே முறை. கருவி இல்லாதவர்கள் மாசி பிறந்து, கதவு நிலையில் உரசாமல் சாத்தும்வரை பொறுத்திருக்கலாம். பண்டிகைக்கு வண்ணம் வேண்டுமென்பவர்கள் அந்த வாரத்தில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொள்ளலாம்.